ஐவர் ஆடிய ஆட்டம்

1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் புதியதோர் ஆட்டத்தை வகுத்தார். வெளியே குளிர் மிகுந்திருக்கும் காலத்தில் மாணவர்கள் கூரையின் கீழ் ஓடியாடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. அவர் பழக்கூடைகள் இரண்டை 10 அடி உயரத்தில் மாட்டினார். பந்தைக் கூடையில் எறிந்து வீழ்த்துவோர் வென்றவர் என்றார். 13 விதிகளையும் எழுதிச் சுவரில் ஒட்டினார். கூடையின் அடியைத் திறந்துவிட வேண்டும் என்பது அன்று எவர்க்கும் தோன்றவில்லை. ஆதலின், பந்து கூடையில் விழுந்தபோதெல்லாம் அதனை எடுப்பதற்கு ஒருவர் ஏறவேண்டியிருந்தது. இவ்வாறு எளிமையாகப் பிறந்த கூடைப்பந்து, சில ஆண்டுகளிலேயே அந்நாட்டுக் கல்லூரிகள் எங்கும் பரவியது.

சிகாகோ நகரில் லயோலாப் பல்கலைக் கழகம் என ஒன்று உண்டு. சென்னையில் உள்ள லயோலாக் கல்லூரியைப் போலவே இதுவும் இயேசு சபைத் துறவியரால் தொடங்கப்பெற்றது. 1870ஆம் ஆண்டில் தோன்றியது. 1963ஆம் ஆண்டில் இதன் கூடைப்பந்துக் குழு தன் நாட்டுக் கல்லூரிகள் அனைத்தினுள்ளும் முதலிடம் பெற்றது. அக்குழு 31 ஆட்டங்கள் ஆடி, 29இல் வென்றது. வெற்றிகளின் எண்ணிக்கைக்காக மட்டும் அது நினைக்கப்படுவதாயின், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதனைப் பேசுவோர் சிலரே இருப்பர்.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் இடையே எல்லாவற்றிலும் பிரிவினை இருந்தது. பள்ளி வேறு, உணவு விடுதி வேறு, பேருந்தில் அமரும் இடமும் வேறு. பள்ளிகளில் இப்பிரிவினை சட்டத்துக்கு ஒவ்வாதது என 1954இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு ஏட்டில் இருந்தது, பழக்கம் நாட்டில் இருந்தது. வடமாநிலங்களிலும் நிலைமை முற்றும் நேர்மையாக இருந்தது என்று கூறுவதற்கில்லை. கறுப்பின இளைஞர் இருவர் அல்லது மூவர்க்கு மேல் ஒரே வேளையில் களத்தில் இறக்கலாகாது என்பது பயிற்சியாளர் பலரிடையே எழுதப்படாத விதியாக விளங்கியது. அவ்விதியை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மீறுவதும் இல்லை.

லயோலாவின் பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாந்து அதனை மீறினார். அவர்தம் முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தார். குழுத் தலைவர் ஜெரி ஹார்க்னஸும், ரான் மில்லரும் நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள். லெஸ் ஹன்டர், விக் ரௌஸ் ஆகிய இருவரும் தெற்கே நாஷ்வில் நகரில் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். ஐந்தாமவர் ஜான் ஈகன்; சிகாகோ நகரத்து வெள்ளை இளைஞர். ஹார்க்னஸ் இளமையில் ஓட்டப் பந்தயத்திலேயே கருத்தூன்றியிருந்தார். ஒருநாள் அவர் பந்து எறிவதைக் கண்ட ஜாக்கி ராபின்சன், கூடைப்பந்தினால் கல்லூரிக் கல்வி பெறக்கூடும் என ஊக்கினார். 1947இல் பெரும் அடிபந்தாட்டக் குழு ஒன்றில் இடம்பெற்று, அவ்வாட்டத்தில் நிலவிய இனத்தடையை உடைத்தவர் அந்த ராபின்சனே. அவர் சொல் வீண்போகவில்லை.

1962 டிசம்பர் இறுதியில் ஓக்லகோமா நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில், லயோலாக் குழுவின் ஐவரும் கறுப்பினத்தாராய்க் களத்தில் நின்றனர். பெருங்கல்லூரிகளின் ஆட்டங்களில் அதற்கு முன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. களம் முழுவதும் எதிரியை நெருக்குவதும், பந்து கைக்கு வந்ததும் மின்னலென ஓடி எறிவதுமே அக்குழுவின் முறை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 91 புள்ளிகளுக்கு மேல் எடுத்து, அந்தப் பருவத்தில் நாட்டிலேயே மிகுதியான புள்ளி குவித்த குழுவாக அது திகழ்ந்தது. ஆனால் பருவத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரர் இருவர் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாமையால் விலக நேர்ந்தது. அதன்பின் முதல் ஐவரே பெரும்பாலும் ஆட்டம் முழுவதும் ஆட வேண்டியவராயினர். களைப்பு அவர்களுக்குப் பழகிப்போயிற்று.

தெற்கே சென்றபோது பட்ட துன்பம் வேறு வகையானது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பினத்தவரான ஆட்டக்காரர்கள் தம் தோழர்களுடன் ஒரே விடுதியில் தங்க இயலவில்லை. ஹூஸ்டன் நகரில் பார்வையாளர் பலர் அவர்களைப் பழித்துக் கூச்சலிட்டனர். இவற்றுக்கெல்லாம் அவர்கள் களத்தில் அளித்த மறுமொழி, பந்தைக் கூடையில் இடுவதாகவே இருந்தது.

1963 மார்ச்சுத் திங்களில் நாடளாவிய இறுதிப் போட்டிகள் தொடங்கின. முதலாட்டத்தில் லயோலா, டென்னசி தொழில்நுட்பக் கல்லூரியை 111க்கு 42 என்னும் கணக்கில் வென்றது. அடுத்து எதிர்ப்பட வேண்டியது மிசிசிப்பி மாநிலப் பல்கலைக் கழகத்தின் குழு. இங்குதான் சிக்கல் எழுந்தது.

மிசிசிப்பிக் குழு ஆற்றலில் குறைந்ததன்று. 1959, 1961, 1962 ஆகிய மூன்றாண்டுகளிலும் தன் வட்டாரத்தில் முதன்மை பெற்றிருந்தது. ஆயினும் மூன்று முறையும் நாடளாவிய போட்டிக்குச் செல்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. கறுப்பினத்தார் இடம்பெற்ற குழுவுடன் மிசிசிப்பியின் வெள்ளையர் குழு ஆடலாகாது என்பது அம்மாநிலத்தின் எழுதாச் சட்டம். 1962 இலையுதிர்காலத்தில் அங்குள்ள வேறொரு பல்கலைக் கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர் சேர்ந்தபோது, கலகம் மூண்டு இருவர் உயிரிழந்தனர். அந்தப் புண் ஆறுவதற்குள் வந்தது 1963ஆம் ஆண்டின் அழைப்பு.

பல்கலைக் கழகத் தலைவர் டீன் கோல்வார்டு, இம்முறை குழு செல்லும் என அறிவித்தார். ஆளுநர் ராஸ் பார்னெட் அதனை விரும்பவில்லை. கல்லூரிகளை ஆளும் குழுவினரோ பெரும்பான்மை வாக்கால் கோல்வார்டின் முடிவை ஏற்றனர். ஆட்டத்துக்கு இரு நாள் முன்பு, அரசியலார் இருவர் நீதிமன்றம் சென்று, குழு மாநிலத்தை விட்டு வெளியேறுவதற்குத் தற்காலிகத் தடையாணை பெற்றுவிட்டனர்.

ஆணை பெறுவோர் கையில் அதனைச் சேர்ப்பித்தாலன்றோ அது செல்லும்? கோல்வார்டு அண்டை மாநிலமாகிய அலபாமாவுக்குச் சென்றுவிட்டார். பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி இரவோடிரவாக டென்னசி மாநிலத்துக்குச் சென்றார். மறுநாள் காலையில் மாற்று ஆட்டக்காரர் சிலரே முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பப்பெற்றனர். ஆணையுடன் எவரேனும் காத்திருப்பின் அவர்களைத் தடுக்கட்டும். முதன்மை ஆட்டக்காரர் வேறு வழியாகச் செல்லலாம் என்பது திட்டம். காத்திருந்தவர் எவரும் இல்லை! எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு, வழியில் பயிற்சியாளரையும் ஏற்றிக்கொண்டு, வடக்கே மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரை அடைந்தனர். பந்து விளையாடுவதற்காகக் கல்லூரி இளைஞர் தம் சொந்த மாநிலத்திலிருந்து தப்பிச் செல்ல வேண்டியிருந்தது என்பது இன்று நம்புதற்கரிய செய்தியாகவே தோன்றும்.

மார்ச்சு 15ஆம் நாள் ஆட்டம் நடந்தது. தொடங்குமுன், மிசிசிப்பியின் தலைவர் ஜோ டான் கோல்டும் லயோலாவின் தலைவர் ஹார்க்னஸும் களத்தின் நடுவே வந்து கைகுலுக்கினர். ஆட்டத்துக்கு முன் தலைவர் இருவர் கைகுலுக்குவது என்றும் உள்ள வழக்கம்தான். ஆனால் அன்று நாற்புறமும் நிழற்படக் கருவிகளின் ஒளி பளிச்சிட்டது. தாம் ஆடப்போவது ஓர் ஆட்டம் மட்டுமன்று என்பதை அக்கணத்தில்தான் உணர்ந்ததாக ஹார்க்னஸ் பிற்காலத்தில் கூறினார்.

மிசிசிப்பிக் குழு முதலில் 7 புள்ளிகளைத் தொடர்ந்து எடுத்தது. பின்னர் லயோலா மெல்ல முன்னேறி, 61க்கு 51 என வென்றது. அடிதடி இல்லை, இழிசொல் இல்லை. இரு குழுவினரும் நல்லாட்டம் ஆடி, நண்பர்போல் பிரிந்தனர். அஞ்சியவர் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை.

அடுத்து இல்லினாய்ஸ், டியூக் ஆகிய பல்கலைக் கழகக் குழுக்களை வென்ற லயோலா, மார்ச்சு 23ஆம் நாள் லூயிவில் நகரில் இறுதியாட்டத்துக்கு நின்றது. எதிரே நின்றது சின்சினாட்டிப் பல்கலைக் கழகம். 1961, 1962 ஆகிய ஈராண்டும் வாகை சூடிய குழு அது. மூன்றாம் முறையும் வெல்லும் என்றே பலர் எண்ணினர். லயோலா புள்ளி குவிப்பதில் முதலிடம். சின்சினாட்டி எதிரியைப் புள்ளி எடுக்க விடாமற் காப்பதில் முதலிடம். சின்சினாட்டியின் முதல் ஐவரிலும் மூவர் கறுப்பினத்தார். ஆகவே, களத்தில் இறங்கிய பதின்மரில் எழுவர் கறுப்பினத்தாராய் இருந்தனர்.

தொடக்கத்தில் லயோலாவின் எறிகள் கூடையைச் சென்று சேரவேயில்லை. ஹார்க்னஸ் நெடுநேரம் களத்திலிருந்து ஒரு கூடையும் இடவில்லை. பிற்பாதியில் சின்சினாட்டி 45க்கு 30 என முன்னே நின்றது. பதினைந்து புள்ளி வேறுபாடு! அப்போது சின்சினாட்டியார் ஒரு தந்திரம் செய்தனர். பந்தைப் பெற்ற குழு குறித்த நொடிக்குள் எறிந்தே தீரவேண்டும் என்னும் விதி கல்லூரி ஆட்டங்களில் அன்று இல்லை. அது 1985இல்தான் நாடெங்கும் வந்தது. எனவே, பந்தைத் தமக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டு காலத்தைக் கழிக்கத் தலைப்பட்டனர். முன்னிற்பவர்க்கு இது பாதுகாப்பான வழிபோல் தோன்றும். ஆனால் விரைந்தாடிப் பழகிய எதிரி நெருக்கும்போது, தயங்கி நிற்பவன் கையிலிருந்து பந்து நழுவும். அன்றும் நழுவியது. ஆட்ட முழுவதிலும் சின்சினாட்டி 16 முறை பந்தை இழந்தது; லயோலாவோ 3 முறையே இழந்தது. மேலும் சின்சினாட்டியின் முதன்மை ஆட்டக்காரர் சிலர்க்குத் தவறுகள் நான்காகிவிட்டன. ஐந்தாவது தவறு செய்தால் வெளியேற வேண்டும் என்பதால், அவர்கள் முன்போல் துணிந்து தடுக்க இயலாதவராயினர்.

வேறுபாடு படிப்படியாகக் குறைந்தது. சில நொடிகளே எஞ்சியிருந்தபோது சின்சினாட்டி 53, லயோலா 52. லயோலாவின் தவறு ஒன்றால் சின்சினாட்டியின் லாரி ஷிங்கிள்டனுக்குத் தடையின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு இரண்டு கிடைத்தது. முதல் எறி கூடையுள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்திருப்பின் ஆட்டம் முடிந்ததே. அது வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. ஹன்டர் பந்தைப் பற்றினார். அது மில்லரிடம் சென்று, ஹார்க்னஸின் கைக்கு வந்தது. நான்கு நொடியே இருக்கையில் அவர் எறிந்தார். 54க்கு 54!

ஐந்து நிமிடக் கூடுதல் நேரம் தரப்பட்டது. அதிலும் 58க்கு 58 எனச் சமநிலை. இப்போது பந்து லயோலாவிடம். இறுதி எறிக்காக அவர்களே காலம் கடத்தினர். கடைசியில் ஹார்க்னஸ் கூடையை நோக்கி விரைந்தார். எதிரி மறித்தமையால் பந்தை ஹன்டருக்குத் தந்தார். ஹன்டரின் எறி தவறியது. தவறிய பந்தை வானத்திலேயே சந்தித்தன விக் ரௌஸின் கைகள். அவர் அதனைக் கூடையுள் தள்ளவும் நேரம் முடியவும் சரியாயிருந்தது. லயோலா 60, சின்சினாட்டி 58.

அன்று லயோலா எறிந்த எறிகள் 84. கூடையில் விழுந்தவை 23 மட்டுமே. நான்கில் ஒரு பங்கினும் சற்றே மிகுதியாக எறிந்து வாகை சூடிய குழு அதுவாகும்! மற்றொன்றும் குறிப்பிடத் தக்கது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து 45 நிமிடமும் முதல் ஐவரே ஆடினர், ஒருவரும் மாற்றப்படவில்லை.

இரண்டாண்டு கழித்து, 1965இல், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக் கழகத்தில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தார். 2013ஆம் ஆண்டில், வாகை சூடி ஐம்பதாண்டு நிறைந்தபோது, லயோலாக் குழுவில் எஞ்சியிருந்தோர் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமாவால் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பெற்றனர். அதற்கு ஈராண்டு முன்பு, 2011இல், ஜோ டான் கோல்டு காலமானார். இறுதிச் சடங்குக்கு ஹார்க்னஸ் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தார். பேழையின் அருகே அக்குடும்பத்தார் ஒரு நிழற்படத்தை வைத்திருந்தனர். அதில் இளைஞர் இருவர் களத்தின் நடுவே கைகுலுக்கிக்கொண்டு நின்றனர்.