தட்டில் வென்ற மருந்து நுரையீரலில் தோற்றது ஏன்?

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய, உள்ளங்கை அகலத்தில் 96 குழிகள் கொண்ட தட்டு ஒன்று ஆய்வகங்களில் உண்டு. குழிக்குக் குழி ஆன்டிபயாடிக்கின் அளவை இரட்டிப்பாக்கி, ஊட்டக் கரைசலில் கிருமியைச் சேர்த்து, சுமார் 35 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு நாள் வைக்கிறார்கள். கிருமி பெருகிய குழி கலங்கிவிடும். தெளிந்து நிற்கும் குழிகளில் மருந்து எதில் மிகக் குறைவோ, அதுவே அந்த மருந்தின் 'மிகக்குறைந்த தடுப்புச் செறிவு'. பெனிசிலினுக்கு எளிதில் அடங்காத நியூமோகாக்கஸ் ஆஸ்திரேலியாவில் 1967-இல் பதிவானது. பத்தாண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் பல மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் வகை வந்துவிட்டது. அதனால் புதிய மருந்து எது வந்தாலும் முதலில் இந்த எண்ணைத்தான் கேட்கிறோம். கேட்பது சரி, அதோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து.

டாப்டோமைசின் இதற்குச் சான்று. கிருமியின் சவ்வைச் சிதைக்கும் இந்த மருந்து தட்டில் நியூமோகாக்கஸைச் சிறு அளவிலேயே அடக்கியது. ஆனால் நிமோனியா நோயாளிகளிடம் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டபோது பின்தங்கியது. காரணம் கிருமியிடம் இல்லை. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம் பூசியிருக்கிறது. சவ்வை நாடும் மருந்து அந்தப் படலத்திலேயே சிக்கிச் செயலிழந்தது. தோல், இரத்தத் தொற்றுகளுக்கு இன்றும் பயன்படும் அதே மருந்தை நிமோனியாவுக்குத் தரக்கூடாது.

ஒரு மருந்தின் தனிக்குணத்தைப் பொதுவிதி ஆக்கலாமா என்று கேட்கலாம். வேறு வகைக் கிருமிகளுக்கான செஃபிடெரோகால் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாருங்கள். கிருமி இரும்புச்சத்தை உறிஞ்சும் வழியாகவே இது உள்ளே நுழைகிறது. வழக்கமான கரைசலில் இரும்பு தாராளம் என்பதால் கிருமி அந்த வழியை அதிகம் திறப்பதில்லை. மருந்தின் வலிமை குறைவாகத் தெரியக்கூடும். தொற்றுக்கு உள்ளான உடலோ கிருமிக்கு இரும்பைக் கொடுக்காமல் ஒளித்துவைக்கிறது. ஆகவே இரும்பு நீக்கிய கரைசலில்தான் இதைச் சோதிக்கிறார்கள். ஒன்றில் தட்டு மருந்தை மிகைப்படுத்தியது, மற்றதில் குறைத்துக் காட்டக்கூடும். இரண்டிலும் குறை, சோதிக்கும் சூழல் உடலை ஒத்திராததுதான்.

அப்படியானால் தட்டே வேண்டாமா? வேண்டும். தட்டிலேயே அடங்காத கிருமி உடலில் அடங்குவது அரிது; பல நாட்டுக் கிருமிகளை ஒரே அளவுகோலால் ஒப்பிடவும் இது உதவுகிறது. ஆனால் நுரையீரலுக்கென்று மருந்து செய்பவர்கள் சர்ஃபாக்டன்ட் கலந்த குழிகளையும் முதல் சோதனையிலேயே சேர்க்க வேண்டும். சில நாள் வேலை அது. நோயாளிகளிடம் சோதித்த பிறகு தெரியவந்த குறையை அதற்கு முன்பே காட்டிவிடும்.