கடல் கடந்தவர்களின் கால்பந்து அணி

அட்லாண்டிக் பெருங்கடலில், மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில் சிதறிக் கிடக்கும் பத்துத் தீவுகளின் தொகுப்பே கேப் வெர்டே. மொத்தப் பரப்பு 4,033 சதுர கி.மீ.; மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தேகால் லட்சம். 2025 அக்டோபர் 13 அன்று தலைநகர் பிராயாவில் எஸ்வாட்டினி அணியை 3-0 என்ற கோல் கணக்கில் வென்று, 2026 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது இந்நாடு. போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்று ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது.

விளையாட்டு விமர்சகன் என்ற முறையில் இதை நான் எழுதவில்லை. வளர்ச்சிப் பொருளாதாரம் கற்பித்த நாள்களில், புலம்பெயர்வைப் பற்றிய பாடத்துக்கு நான் மாணவர்களிடம் எடுத்துக்காட்டாகச் சொன்ன நாடுகளுள் கேப் வெர்டேயும் ஒன்று. 2013-இல் அந்நாடு முதன்முதலாக ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டியில் விளையாடியபோது, வீரர்களின் பட்டியலைப் பார்த்தேன். நான் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிய புலம்பெயர்வு வரைபடம், பதினொரு பேரின் பெயர்களாக அங்கே நின்றது. அன்றிலிருந்து அந்த வீரர்கள் எந்த நாட்டுக்குப் போகிறார்கள், எந்த கிளப்பில் சேர்கிறார்கள், எங்கே வாய்ப்பிழந்து அமர்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். ஒரு சிறு நாட்டின் பொருளாதாரத்தை அறிய இதைவிடத் தெளிவான சாளரம் எனக்குக் கிடைத்ததில்லை.

மழை பொய்க்கும் தீவுகள் அவை. 1940-களில் ஏற்பட்ட பஞ்சங்களில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் ஏறி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குச் சென்றவர்கள், காலனி ஆட்சியில் சாவோ டோமேயின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டவர்கள், பின்னாளில் லிஸ்பனின் கட்டுமானப் பணிகளுக்கும் ரோட்டர்டாமின் துறைமுகத்துக்கும் போனவர்கள் எனத் தலைமுறை தலைமுறையாக மக்கள் வெளியேறினர். இன்று தீவுகளில் வாழ்வோரைவிட, அவ்வம்சாவளியினராக வெளிநாடுகளில் வாழ்வோரே அதிகம். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

மக்கள் போனால் திறமையும் போகும். ஸ்வீடன் கொண்டாடும் ஹென்ரிக் லார்சனின் தந்தை கேப் வெர்டேயைச் சேர்ந்தவர். 1998-இல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பையை வென்ற பேட்ரிக் வியேராவின் தாய்வழி வேரும் அத்தீவுகளில்தான் இருக்கிறது. போர்ச்சுகலுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய நானி, பிராயாவிலேயே பிறந்தவர். 2016-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற போர்ச்சுகல் அணியில் அவரும், கேப் வெர்டேயைச் சேர்ந்த தாய்க்குப் பிறந்த ரெனாட்டோ சாஞ்சஸும் இருந்தனர். பொருளியலார் ‘அறிவாளர் வெளியேற்றம்’ என்று கூறும் இழப்பு, இங்கே கால்களின் வழியாக நிகழ்ந்தது.

இந்த ஓட்டம் எப்படித் திரும்பியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதற்கு இரண்டு விதிகள் காரணம். முதலாவது, நாட்டின் குடியுரிமைச் சட்டம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியுரிமை கோரலாம். இரட்டைக் குடியுரிமைக்குத் தடையில்லை. 72 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் ஆறு இடங்கள் வெளிநாடு வாழ் குடிமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. புலம்பெயர்ந்தோரை நாட்டின் ஒரு பகுதியாகவே கருதும் அரசு அது.

இரண்டாவது, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. ஒரு நாட்டின் இளையோர் அணிக்கு ஆடியவர், வேறு நாட்டின் குடியுரிமையும் உடையவராக இருந்தால், 21 வயதுக்குள் அந்த நாட்டுக்கு மாறலாம் என 2004-இல் வழி திறக்கப்பட்டது. 2009-இல் அந்த வயது வரம்பு நீக்கப்பட்டது. 2020-இல் விதி மேலும் தளர்த்தப்பட்டது. நெதர்லாந்து அல்லது பிரான்ஸ் அணிக்குள் நுழைய முடியாத இளைஞர், தாத்தாவின் நாட்டைத் தேர்ந்தெடுப்பது இதனால் சாத்தியமாயிற்று.

எஸ்வாட்டினிக்கு எதிரான ஆட்டத்தில் கோல் அடித்த மூவரையே பாருங்கள். டைலோன் லிவ்ரமெண்டோ ரோட்டர்டாமில் பிறந்தவர். ஒரு மாதத்துக்கு முன்பு கேமரூனை 1-0 என வீழ்த்திய கோலும் அவருடையதே. வில்லி செமேடோ பாரிஸின் புறநகர் ஒன்றில் பிறந்தவர். மூன்றாம் கோலை அடித்த ஸ்டோபிரா பிராயாவில் பிறந்து, ஹங்கேரியின் கிளப் ஒன்றில் பத்தாண்டுகள் உழைத்தவர். அப்போது அவருக்கு வயது 37. ஒரே ஆட்டத்தில் மூன்று துறைமுகங்கள்.

பின்கள வீரர் ராபர்ட்டோ லோபஸின் கதை இன்னும் வியப்பானது. அவர் அயர்லாந்துத் தாய்க்கும் கேப் வெர்டேத் தந்தைக்கும் டப்ளினில் பிறந்தவர். வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்த்தவர். 2018-இல் அப்போதைய பயிற்சியாளர், வேலை தேடுவோர் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளத்தில் போர்ச்சுகீசிய மொழியில் அவருக்குச் செய்தி அனுப்பினார். மொழி புரியாத லோபஸ், அதை ஏதோ விளம்பரம் என்று ஒதுக்கிவிட்டார். பல மாதங்கள் கழித்து மீண்டும் ஒரு செய்தி வந்தபோதுதான், முதல் செய்தியை மொழிபெயர்த்துப் படித்தார். அடுத்த ஆண்டு தேசிய அணியில் இடம்பெற்றார். பணமில்லாத ஒரு சங்கம், மனிதவளத் துறை அலுவலரைப் போல் இணையத்தில் ஆள் தேடியிருக்கிறது!

ஆனால், இது முழுக்க இரவல் அணியன்று. கோல்கீப்பர் வோசின்யா, மிண்டேலோவில் பிறந்து உள்ளூர் கிளப்புகளில் ஆடத் தொடங்கியவர். பிறகு அங்கோலா, மால்டோவா, போர்ச்சுகல், சைப்ரஸ், ஸ்லோவாக்கியா, மீண்டும் போர்ச்சுகல் என்று அவருடைய வாழ்க்கைப் பாதை நீள்கிறது. பெரும் பணமோ பெரும் புகழோ இல்லாத கிளப்புகள் அவை. நாற்பதை எட்டும் வயதில் உலகக் கோப்பை அவர் வாசலுக்கு வந்திருக்கிறது. அணித் தலைவர் ரையன் மெண்டஸும் தீவுகளில் பிறந்தவரே. பிரான்ஸ், இங்கிலாந்து, துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம் எனச் சுற்றியவர். வளைகுடா நாடுகளில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இடம் மாறும் நம் தொழிலாளர்களை அறிந்தவர்களுக்கு, இந்தப் பயணக் குறிப்பு அந்நியமாகத் தோன்றாது.

வெற்றி நேர்கோட்டில் வரவில்லை. 2013 ஆப்பிரிக்கக் கோப்பையில் காலிறுதி வரை சென்ற அணியின் பயிற்சியாளர் லூசியோ அன்ட்யூனஸ், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர். அதே ஆண்டு செப்டம்பரில் துனீசியாவை அதன் சொந்த மண்ணில் 2-0 என வென்று, உலகக் கோப்பைக்கான இறுதித் தகுதிச்சுற்றை எட்டியது கேப் வெர்டே. ஆனால், தடையில் இருந்த ஒரு வீரரைக் களமிறக்கியதாகக் கூறி, ஆட்டம் துனீசியாவுக்கு 3-0 என வழங்கப்பட்டது. ஒரு நிர்வாகப் பிசகு, ஒரு தலைமுறையின் வாய்ப்பைப் பறித்தது. 2025 ஆப்பிரிக்கக் கோப்பைக்கும் இந்த அணி தகுதி பெறவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் புபிஸ்டாவை நீக்காமல் வைத்திருந்ததன் பலனே, கேமரூனை நான்கு புள்ளிகள் பின்தள்ளிப் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆப்பிரிக்க நாடுகளிலேயே அதிகமாக, எட்டு உலகக் கோப்பைகளில் ஆடிய நாடு கேமரூன் என்பது நினைவிருக்கட்டும்.

இனி, இதன் பொருளாதாரத்துக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி ஒரு வரியை முன்மொழிந்தார். ஏழை நாடு செலவிட்டுப் படிக்கவைத்த மருத்துவரும் பொறியாளரும் பணக்கார நாட்டில் ஈட்டும் வருவாயின் மீது கூடுதல் வரி விதித்து, அதைப் பிறந்த நாட்டின் நலனுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். எந்த அரசும் அதை முழுமையாக ஏற்கவில்லை. ஆனால், கால்பந்தில் அதற்கு நெருக்கமான ஒன்று நடைமுறையில் இருக்கிறது.

ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறும்போது, வாங்கும் கிளப் செலுத்தும் தொகையில் ஐந்து விழுக்காடு, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்தளிக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்குக் கால் விழுக்காடு; 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை விழுக்காடு. பிராயாவின் ஒரு சிறு கிளப், ஒரு சிறுவனை 12 வயது முதல் 17 வயது வரை வளர்த்தது என்று வைத்துக்கொள்வோம். பின்னாளில் அவன் ஒரு கோடி யூரோவுக்கு விலைபோனால், அந்த கிளப்புக்கு இரண்டு விழுக்காடு, அதாவது இரண்டு லட்சம் யூரோ சேர வேண்டும். தீவுக் கிளப்புக்கு அது பெருந்தொகை.

நடைமுறையில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. ஒப்பந்தம் முடிந்தபின் மாறும் வீரருக்கு மாற்றுத்தொகையே இல்லை. ஆகவே பங்கும் இல்லை. வோசின்யா போன்றவர்களின் பயணம் பெரும்பாலும் இவ்வகைக் குறைந்த விலைச் சந்தையில்தான் நிகழ்கிறது. பங்கு உண்டு என்றாலும், பயிற்சிக் காலத்துக்குரிய பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான் அதைக் கோர முடியும். ரோட்டர்டாமில் வளர்ந்தவருக்கான பங்கோ ரோட்டர்டாமுக்கே போகும், அது நியாயமும்கூட. அவரைப் பயிற்றுவிக்க கேப் வெர்டே ஒரு காசும் செலவிடவில்லை. ஒரு காலத்தில் தன் பிள்ளைகளை விலையின்றி இழந்த நாடு, இப்போது பிறர் செலவில் வளர்ந்த பேரப்பிள்ளைகளை விலையின்றிப் பெறுகிறது. வரலாற்றின் கணக்கில் இதை நான் அநீதி என்று சொல்லமாட்டேன்.

வெளியேற்றம் வெறும் இழப்பா என்ற கேள்விக்கு, கேப் வெர்டேயிலேயே நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. காத்தியா பாட்டிஸ்டா, ஐதோர் லக்குவெஸ்தா, பெத்ரோ விசென்டே ஆகிய பொருளியலார் 2012-இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, வெளிநாடு செல்லும் வாய்ப்பு பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தால், இடைநிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு புள்ளிகள் உயர்கிறது. போகலாம் என்ற நம்பிக்கையே படிக்கத் தூண்டுகிறது. அப்படிப் படித்தவர்கள் எல்லோரும் போய்விடுவதில்லை. கால்பந்துக்கும் இது பொருந்தும் என்பது என் கணிப்பு. ஒரு வோசின்யா புறப்பட்டால், நூறு சிறுவர்கள் மணலில் பந்தை உதைக்கிறார்கள்.

சிறு நாடுகளுக்கு இது ஒன்றே வழி என்பதில்லை. 2018 உலகக் கோப்பையில் ஆடிய ஐஸ்லாந்து, சுமார் மூன்றரை லட்சம் மக்களைக் கொண்டு, குளிரிலும் ஆடத்தக்க உள்ளரங்கத் திடல்களைக் கட்டி, ஏராளமான பயிற்சியாளர்களுக்கு முறையான உரிமம் பெற்றுத் தந்து உள்ளிருந்தே அணியை உருவாக்கியது. 2025 நவம்பரில் தகுதி பெற்று, உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிகச் சிறிய நாடு என்ற பெயர் பெற்ற குராசாவோ, பெரும்பாலும் நெதர்லாந்தில் பிறந்தவர்களை நம்பியது. கேப் வெர்டே இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

அந்த நடு இடம் நிலையானதன்று. ரோட்டர்டாமின் மூன்றாம், நான்காம் தலைமுறைக்குத் தீவுகளின் கிரியோல் மொழி எத்தனை நாள் நாவில் இருக்கும்? ஐரோப்பாவும் அமெரிக்காவும் குடியேற்றக் கதவுகளை இறுக்கிவரும் வேளையில், புதிய தலைமுறை வெளியே வளர்வது குறையும். மற்றொரு புறம், வெளிநாட்டில் பயின்றவர் எளிதில் கிடைக்கும்போது, உள்ளூர்ச் சிறுவனுக்குத் திடல் அமைக்கும் அக்கறை மங்கக்கூடும். அங்கே ஒவ்வொரு தீவிலும் அல்லது தீவுப் பகுதியிலும் தனித்தனி லீக் நடந்து, வென்றவர்கள் தேசியப் போட்டியில் சந்திக்கிறார்கள். கடல் கடந்தே அடுத்த ஊருக்குப் போக வேண்டிய நாட்டில் ஒவ்வோர் ஆட்டமும் செலவு. அந்த லீக்கால் வீரர்களுக்கு வாழ்க்கை நடத்தும் ஊதியம் தர இயலாது. வெளியேறுதல் அங்கே ஒரு தேர்வன்று. தொழிலின் முதல் நிபந்தனை. உலகக் கோப்பையால் வரும் பணத்தில் எவ்வளவு அந்த உள்ளூர்த் திடல்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பதிவேடுகளுக்கும் போகிறது என்பதே, இந்த வெற்றி நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

நமக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்திய அணிக்கு ஆட விரும்பிய அராட்டா இசுமி ஜப்பானியக் குடியுரிமையையும், அண்மையில் ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையையும் துறக்க வேண்டியிருந்தது. அந்த விதிக்கு வலுவான காரணங்கள் இருக்கலாம். அதைத் தளர்த்தினால் மட்டும் 140 கோடி மக்களின் நாடு கால்பந்தில் உயர்ந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால், வெளிநாடுவாழ் இந்தியர் அனுப்பும் டாலரை ஆண்டுதோறும் பெருமையுடன் எண்ணும் நாம், அவர்களை வேறு எந்த வகையில் நம்மவராகக் கருதுகிறோம் என்று யோசிக்கலாம். கேப் வெர்டே அனுப்பப்படும் பணத்தை வாங்கிக்கொண்டதோடு நிற்கவில்லை. அனுப்பியவருக்கு வாக்கும், அவர் பேரனுக்குச் சீருடையும் தந்தது.

உலகக் கோப்பையில் ஸ்பெயின், உருகுவே, சவூதி அரேபியா ஆகிய நாடுகளுடன் ஒரே பிரிவில் இடம்பெற்றிருக்கிறது இந்த அணி. அவற்றுள் உருகுவே, இன்றும் சுமார் 35 லட்சம் மக்களே கொண்ட நாடு. 1930-இலும் 1950-இலும் உலகக் கோப்பையை வென்றது. எண்ணிக்கை எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆட்டத்தின் முடிவு எதுவாயினும், நான் அதன் பிறகும் கவனிக்கப்போவது ஒன்றைத்தான்: இன்று பிராயாவிலும் மிண்டேலோவிலும் பன்னிரண்டு வயதில் பந்தைத் துரத்தும் சிறுவன், பத்தாண்டு கழித்து எந்த நாட்டில், என்ன ஊதியத்தில் ஆடிக்கொண்டிருப்பான், அவனை வளர்த்த கிளப்புக்கு அதில் ஏதேனும் வந்து சேருமா என்பது.