மலை விடுக்கும் முன்னறிவிப்பு

நாம் குடியிருக்கும் வீட்டின் அத்திவாரத்திலே கருங்கல் உண்டு. சுவரிலே சீமெந்து உண்டு. விளக்கெரியச் செப்புக் கம்பியிலே மின்சாரம் ஓடுகின்றது. இவற்றுள் எதுவும் வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. எங்கோ ஒரு மலையை உடைத்தும் நிலத்தைத் தோண்டியும் மனிதன் கொணர்ந்து தந்தவையே இவை. காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டு தொடக்கம் 1990ஆம் ஆண்டுவரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் பொருட்டு வெட்டப்பட்ட சுண்ணாம்புக்கற் குழிகளை வடபகுதி மக்கள் நன்கறிவர். மலைநாட்டிலோ கருங்கல் உடைக்கும் இடங்கள் பல உள.

சுரங்கம் என்றவுடன் இருள் சூழ்ந்த குகைவழியும், கையில் விளக்கேந்திய தொழிலாளியுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். ஆனால், உலகம் இன்று பயன்படுத்தும் உலோகக் கனிகளிலும் கட்டடக் கற்களிலும் பெரும்பகுதி திறந்த வெளியிலேயே, சூரிய ஒளியிலேயே வெட்டி எடுக்கப்படுகின்றது. இத்தகைய இடங்களைத் திறந்தவெளிச் சுரங்கங்கள் என்பர். தலைக்குமேல் கூரை இல்லையாதலால் அங்கே ஆபத்தும் இல்லையென எண்ணிவிடல் எளிது. அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதையும், அங்கே உயிர்களைக் காக்கும் வழி யாது என்பதையும் சிறிது ஆராய்வோம்.

பள்ளத்தினுள்ளே

திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றை விளிம்பில் நின்று நோக்கினால், பூதங்கள் ஏறி இறங்குவதற்கென அமைத்த படிக்கட்டுப் போலத் தோன்றும். ஒவ்வொரு படியும் பல மீற்றர் உயரமுடையது. படிதோறும் துளையிட்டு, வெடிமருந்து இட்டு, பாறையைத் தகர்த்து, யந்திரத்தால் அள்ளி, லொறிகளில் ஏற்றி மேலே கொண்டுசெல்வர். இவ்வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது.

வெடி வைக்கும்போது சிதறும் கல் நெடுந்தூரம் பறந்து ஆளைத் தாக்கும். வெடிக்காது எஞ்சிய மருந்து, பின்னர் துளையிடுவோனின் கையில் வெடிக்கும். கல்லை உடைக்கையில் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி சுவாசப்பையிற் படிந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் மூச்சை அடைக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைத் தடுக்கலாமேயன்றித் தீர்க்க இயலாது. உடைக்கும் இடத்தில் நீர் தெளித்துத் தூசியை அடக்குவது மிக எளிய தடுப்புமுறை.

லொறிகளைப் பற்றியும் கூறவேண்டும். பெருஞ் சுரங்கங்களில் ஓடும் லொறிகளுள் மிகப் பெரியவை 350 தொன்னுக்கும் மேலான பாறையைச் சுமக்கும். அவற்றின் சில்லு ஒன்றே ஏறத்தாழ 4 மீற்றர் உயரமிருக்கும். மாடிவீட்டின் மேல்தளத்தில் இருப்பவன் போன்று உயரே அமர்ந்திருக்கும் சாரதிக்கு, லொறியின் அருகே நிற்கும் மனிதனோ சிறிய மோட்டார் வண்டியோ தென்படுவதில்லை. இதனாலேயே அங்கு செல்லும் சிறிய வண்டிகளில் நெடிய கம்பத்தின் நுனியிற் கொடி கட்டுகின்றனர். பாதையோரங்களில் மண் வரம்பு எழுப்பப்படுகின்றது. அவ்வரம்பு, அப்பாதையிற் செல்லும் மிகப் பெரிய வண்டியின் அச்சு உயரத்துக்குக் குறையக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். கொடியும் வரம்பும் அற்பமானவை போலத் தோன்றலாம். ஆயினும் அவை இல்லாத இடங்களில் உயிர்கள் போயுள்ளன.

இவையெல்லாம் ஒருவரையோ இருவரையோ ஒருசமயத்திற் கொல்பவை. பல உயிர்களை ஒரே கணத்தில் விழுங்குவது பள்ளத்தின் சுவர் சரிந்து வீழ்தலாகும். 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி, சீனாவின் உள்மொங்கோலியாவில் உள்ள திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமொன்றில் இவ்வாறு சுவர் சரிந்து 53 பேர் மாண்டனர்.

சரிவின் கணக்கு

சுவர் ஏன் சரிகின்றது? பள்ளத்தைச் சாய்வாக வெட்டினால் சுவர் உறுதியாக நிற்கும். ஆனால், அதற்காகப் பயனற்ற பாறையையும் மண்ணையும் மிகுதியாக அகற்றவேண்டும். அது பெருஞ் செலவு. செங்குத்தாக வெட்டினாற் செலவு குறையும், ஆபத்துப் பெருகும். பாறையின் இயல்பறிந்து, தகுந்த சாய்வைத் தேர்ந்தெடுப்பது பொறியியலாளரின் கடன். இலாபத்தை மட்டும் நோக்குவோர் அச்சாய்வைச் சிறிது சிறிதாகச் செங்குத்தாக்கத் தூண்டப்படுவர். மழைநீர் பாறையின் பிளவுகளிற் புகுந்து உள்ளிருந்து தள்ளுமாயின் அபாயம் இன்னும் மிகும்.

எனினும், மலை வஞ்சகமாக வீழ்வதில்லை என்பது நாம் சிந்திக்கவேண்டிய செய்தி. பெரும்பாலான பெருஞ் சரிவுகள் முன்னறிவித்தே வருகின்றன. பள்ளத்தின் மேல்விளிம்பில் வெடிப்புக்கள் தோன்றும்; சுவரின் அடிப்பாகம் முன்னே புடைக்கும்; சிறு கற்கள் ஓயாது உதிரும்; தெளிவாக ஊறிய நீர் கலங்கி வரும். கண்ணுக்குப் புலப்படாவகையிற் பாறை நாள்தோறும் சில மில்லிமீற்றர் நகரும். பின்னர் அவ்வேகம் கூடிக்கொண்டே போகும்.

இவ்வேகத்தை அளந்து வீழ்ச்சி நாளைக் கணிக்கலாம் என்பதைத் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் சுக்கிக்கமாற்றாச் செப்புச் சுரங்கம் உலகுக்குக் காட்டியது. அங்கே சுவரின் ஒரு பகுதி நகர்வதை அளந்துவந்த பொறியியலாளர், 1969ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதியளவில் அது வீழும் என ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னரே கணித்தனர். குறித்த அந்நாளிலேயே அது வீழ்ந்தது.

1985ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் புக்குசோனோ இதற்கு எளிய கணித முறையொன்றை வெளியிட்டார். மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். பாறை நகரும் வேகத்தால் ஒன்றை வகுத்து வரும் ஈவை நாள்தோறும் வரைபடத்திற் குறிக்கவேண்டும். நாளொன்றுக்கு 1 சென்ரிமீற்றர் எனில் ஈவு 1. 2 சென்ரிமீற்றர் எனில் 0.5, 10 சென்ரிமீற்றர் எனில் 0.1. வேகம் ஏற ஏறக் கோடு கீழே இறங்கும். அக்கோட்டை நீட்டினால் அது பூச்சியத்தைத் தொடும் நாள் எதுவோ, அதுவே மலை வீழும் நாளை அண்ணளவாகக் காட்டும். பாடசாலையிற் படிக்கும் வகுத்தற் கணக்கு நூற்றுக்கணக்கான உயிர்களைக் காக்க வல்லதாதல் வியப்பன்றோ?

மலை வீழ்ந்தது, மனிதர் பிழைத்தனர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் யூட்டா மாநிலத்தில், சோல்ற் லேக் நகருக்குத் தென்மேற்கே பிங்கம் கன்யன் என்னும் செப்புச் சுரங்கம் உள்ளது. 1906ஆம் ஆண்டு தொட்டுத் திறந்தவெளியில் வெட்டப்பட்டுவரும் அப்பள்ளம் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் அகலமுடையது. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் வடகிழக்குச் சுவர் மெல்ல நகர்வதைக் கருவிகள் காட்டின. சுவரிற் பதித்த கண்ணாடிகளை நோக்கி ஒளிக்கதிர் செலுத்தித் தூரத்தை அளந்தனர். றேடார் கருவி இரவும் பகலும் சுவரைக் கண்காணித்தது. ஏப்பிரில் மாதத்தில் நகர்வு நாளொன்றுக்கு 5 சென்ரிமீற்றரளவுக்கு உயர்ந்தது.

சுரங்கத்தை நடத்திய கென்னகொட் நிறுவனம் தயங்கவில்லை. பார்வையாளர் நிலையத்தை முன்னரே மூடியது. சரிவு நேரப்போகின்றதென ஏப்பிரில் 10ஆம் திகதி பொதுமக்களுக்கும் அறிவித்து, பள்ளத்தில் வேலைசெய்தோரை வெளியேற்றியது. அன்றிரவு ஒன்பதரை மணியளவில் மலையின் ஒரு பகுதி பெயர்ந்து வீழ்ந்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்தின் பின் மறுபகுதியும் வீழ்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 6 கோடியே 50 இலட்சம் கன மீற்றர் பாறையும் மண்ணும்! எரிமலையோடு தொடர்பில்லாத நிலச்சரிவுகளுள், வட அமெரிக்காவில் அண்மைக்கால வரலாற்றிலே இதுவே மிகப் பெரியதென ஆய்வாளர் கூறினர். வீழ்ச்சியின் விளைவாகச் சிறு நிலநடுக்கங்களும் உண்டாயின. எதிர்பார்த்ததிலும் கூடுதலான தூரம் பாறை பாய்ந்தமையால், பள்ளத்தினடியில் விடப்பட்ட லொறிகளும் மண்வாரி யந்திரங்களும் புதையுண்டன. ஆனால், ஓர் உயிர்தானும் போகவில்லை, ஒருவர்தானும் காயமடையவில்லை.

சிறுவயதிற் கேட்ட மூன்று மீன்களின் கதையில் வரும் 'வருமுன் காப்போனை' இங்கே காண்கின்றோம். நிறுவனத்துக்கு நேர்ந்த பொருள் நட்டம் பெரிது. ஆயினும் யந்திரத்தை மீண்டும் வாங்கலாம்.

கேளாச் செவிகள்

இனி மறுபுறத்தை நோக்குவோம். மியன்மார் நாட்டின் கச்சின் மாநிலத்தில் பகாந்து என்னும் இடம் உண்டு. யேட் எனப்படும் விலையுயர்ந்த பச்சைக்கல் அங்கே வெட்டப்படுகின்றது. பெரிய நிறுவனங்கள் அகற்றிக் கொட்டும் கழிவுமண் மலைபோலக் குவியும். அக்குவியல்களிற் கைவிடப்பட்ட சிறு கல்லேனும் கிடைக்காதா என நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஏழைகள் வந்து கிளறுகின்றனர். 2015ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி விடியற்காலையில் அத்தகைய குவியலொன்று சரிந்து, அடிவாரக் குடிசைகளில் உறங்கிய நூற்றுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. 2020ஆம் ஆண்டு யூலை 2ஆம் திகதி, கடுமழையின்போது, மற்றொரு குவியல் பள்ளத்திலிருந்த நீர்நிலையுள் வீழ்ந்தது. எழுந்த சேற்றலை 170க்கு மேற்பட்டோரை மாய்த்தது.

இங்கே எச்சரிக்கை இல்லாமலில்லை. மழைநாட்களில் அவ்விடத்தை அணுகவேண்டாமென அதிகாரிகள் கூறியிருந்தனர். ஆனால், அன்றன்று கிடைப்பதைக் கொண்டே அடுப்பெரிப்பவன் அவ்வெச்சரிக்கையை எங்ஙனம் ஏற்பான்? மலைக்கு அஞ்சி வீட்டிலிருந்தாற் பசி வருகின்றது. பசிக்கு அஞ்சி மலைக்குப் போனாற் சாவு வருகின்றது.

பிறேசில் நாட்டின் புருமாடின்யோ இரும்புச் சுரங்கத்தில் நிகழ்ந்தது வேறுவகை. சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை அங்கே இருந்தது. அது உறுதியானதென 2018ஆம் ஆண்டிற் சான்றிதழும் வழங்கப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டு யனவரி 25ஆம் திகதி நண்பகல் வேளையில் அவ்வணை உடைந்தது. தொழிலாளரின் உணவுச்சாலையும் அலுவலகமும் அணைக்குக் கீழேயே அமைந்திருந்தன. அபாயச் சங்கு ஒலிக்கவேயில்லை. மாண்டோர் 270 பேர்.

பிங்கம் கன்யனில் இருந்து, மற்றை இரு இடங்களில் இல்லாமற்போனது யாது? நல்லூழ் என நாம் கூறமாட்டோம். காக்கும் சங்கிலிக்கு மூன்று வளையங்கள் உள. ஆபத்தைக் காணும் கண் ஒன்று. கண்டதை மறையாது கூறி வேலையை நிறுத்தும் துணிவு மற்றொன்று. நிறுத்தியபின் தொழிலாளி பட்டினியின்றி விலகியிருக்க வழி மூன்றாவது. புருமாடின்யோவில் இரண்டாவது வளையம் அறுந்தது. பகாந்தில் மூன்றாவது வளையம் இருக்கவேயில்லை. ஒன்று அறினும் சங்கிலி பயனற்றதாகும்.

விலகும் உரிமை

சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 1995ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 176ஆம் இலக்க உடன்படிக்கை சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பைப் பற்றியது. தன் உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து உண்டென நியாயமாகக் கருதும் தொழிலாளி, அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையுடையவன் என அது கூறுகின்றது. றேடாரைவிடப் பெரிய பாதுகாப்பு இதுவென்போம். பாறையின் வெடிப்பை முதலிற் காண்பவன் அதன் அருகே நிற்பவனே. அவன் வாய் திறந்தால் வேலை போகுமென்ற அச்சம் இருக்குமாயின், எத்தனை கருவிகள் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது வளையத்தின் அருமை எமது நாட்டுக்கும் புதிதன்று. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புக்களை மூடியதை யார் மறப்பர்? அது சுரங்கமன்று, தேயிலைத் தோட்டம். ஆயினும் பாடம் ஒன்றே. அவ்விடம் அபாயமானதென முன்னரே இனங்காணப்பட்டிருந்தது. 'போ' என்று சொல்வது எளிது. போவதற்கு ஓர் இடமும் கொடுத்தாலன்றோ அச்சொல் எச்சரிக்கையாகும்?

எம்மிடம் பயிலும் மாணவருட் பலர் பொறியியலாளராக விரும்புகின்றனர். நாளை அவர்களுட் சிலர் ஒரு சுவரையோ அணையையோ ஆராய்ந்து, 'உறுதியானது' என்று கையொப்பமிடும் நிலையை அடைவர். அப்போது அக்காகிதத்தின்கீழ் எத்தனை பேர் அமர்ந்து மதிய உணவு உண்கின்றனர் என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும். ஐயம் எழுமாயின் வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவும் வேண்டும். அதனால் மேலாளரின் முகம் சுளிக்கலாம். ஒருநாள் இலாபம் குறையலாம். மாலையில் தொழிலாளி தன் பிள்ளைகளிடம் நடந்தே திரும்புவான்.