சிரிப்பின் பற்று வரவு

உடும்பஞ்சோலையின் ஏலத்தோட்டக் குடியிருப்புகளில், மாலையில் தொலைக்காட்சியில் கவுண்டமணியும் செந்திலும் தோன்றினால் பகலெல்லாம் காய் பறித்த களைப்பு பறந்துவிடும். வசையும் உதையும் மலிந்த அந்நகைச்சுவை இன்றும் இனிக்குமா?

1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியை எண்ணிப் பாருங்கள். இரண்டு பழம் வாங்கக் காசு பெற்ற செந்தில், ஒன்றைத் தின்றுவிட்டு, கையிலிருப்பதே அந்த இன்னொன்று என்று சாதிக்கிறார். அடியை நீக்கினாலும் சிரிப்பு குறையாது. அந்த விதண்டாவாதமே நகைக்க வைக்கிறது.

நிறத்தையும் உடலையும் பழிக்கும் வசனங்களோ வேறு. வாடிக்கையாளர் ஒருவரின் இல்லத்தில் அவற்றைக் கேட்டு நாங்கள் சிரித்தபோது, அருகிலிருந்த சிறுமி தன் கைகளைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டாள். நானும் சிரித்தவர்களில் ஒருவன்.

ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டென்பது கணக்கியலின் பால பாடம். நம் சிரிப்பு அவ்வீட்டுக் குழந்தையின் பெயரில் பற்றாகாதவரை, முரட்டு நகைச்சுவையும் இனிக்கவே செய்யும்.