மாம்பலம் என்னும் ஏரிக்கரை ஊர்

சிற்றூர்கள் பல மாநகரங்களுக்குள் அடங்கி மறைந்து விடுகின்றன. எனினும், அவை அமைந்திருந்த நிலத்தின் இயல்பு மறைவதில்லை. இவ்வுண்மையைச் சென்னை மாநகரின் நடுவே உள்ள மாம்பலத்தின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்தும்.

இன்று தியாகராய நகர் எனவும் மேற்கு மாம்பலம் எனவும் வழங்கும் பகுதிகள், நூறு ஆண்டுகட்கு முன்னர் வயலும் தோப்பும் நீரும் சூழ்ந்து விளங்கின. மாம்பலம் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். வில்வ மரங்கள் மிகுந்திருந்தமையால் ‘மகாவில்வம்’ எனப் பெயர் பெற்று, அது நாளடைவில் மாம்பலம் என மருவிற்று என்பர் சிலர். ‘மா அம்பலம்’ என்பதே மாம்பலம் ஆயிற்று என்பர் வேறு சிலர்.

இவ்வூரின் நில அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் ஓடுகின்றன. இடைப்பட்ட நிலம் கடலை நோக்கி மிக மெல்லச் சரிந்து செல்கின்றது. இப்பகுதியில் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பொழியும் பருவமழையே பெருமழை. அந்நீரை வீணே கடலுக்குப் போக விடாமல், நம் முன்னோர் தாழ்ந்த பக்கத்தில் கரை எழுப்பி ஏரியாகத் தேக்கினர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே அவ்வேரி நீண்டு கிடந்தது. ஆதலின் ஆங்கிலேயர் அதனை ‘லாங் டாங்க்’, அதாவது நெடிய ஏரி, என்று அழைத்தனர். ஏரிநீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்வதும், மிகுந்த நீர் கலிங்கின் வழியே வெளியேறுவதும் நம் நாட்டு ஏரிப்பாசனத்தின் முறையாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை விரைந்து வளர்ந்தது. மக்கள் குடியிருக்க இடம் போதவில்லை. 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1923-ஆம் ஆண்டையொட்டி மாம்பலம் ஏரியின் நீரை வடித்து, நிலத்தைச் செம்மை செய்யும் பணி தொடங்கிற்று. பூங்காவை நடுவாகக் கொண்டு அகன்ற வீதிகள் வகுக்கப்பட்டன. மாநகராட்சித் தலைவராக விளங்கி 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் புதிய நகருக்குச் சூட்டப்பட்டது. பூங்கா பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் குடியேறுவோர் மேலும் பெருகினர். ஏரியின் வடபகுதியும் பிற்காலத்தில் தூர்க்கப்பட்டது. 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் அங்கே எழுந்ததே ஆகும்.

இங்ஙனம் ஏரி மறைந்தது. ஆயினும் மேற்கு மாம்பலத்து ‘லேக் வியூ ரோடு’, நுங்கம்பாக்கத்து ‘டாங்க் பண்ட் ரோடு’ என்னும் வீதிப் பெயர்கள் அதனை இன்றும் நினைவூட்டுகின்றன. பெயரைக் காட்டிலும் உரத்த குரலில் நினைவூட்டுவது மழையே. 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2021-ஆம் ஆண்டு நவம்பரிலும் பெய்த பெருமழையில் இப்பகுதியின் வீதிகள் நீரில் மூழ்கின. வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. பள்ளத்தை நாடுவது நீரின் இயல்பன்றோ? அந்நீரை அடையாற்றுக்குக் கொண்டு செல்வது மாம்பலம் கால்வாய். அது தூர்ந்து போனால், பழைய ஏரி மீண்டும் தோன்றிவிடும்.

ஏரியை நிலமாக்கியவர் நாம் மட்டும் அல்லர். ஆலந்து நாட்டினர் 1852-ஆம் ஆண்டில் ஆர்லம் ஏரியின் நீரை முழுதும் இறைத்து நிலமாக்கினர். இன்று அந்நாட்டின் பெரிய விமான நிலையம் அங்கே உள்ளது. ஆனால், அந்நிலம் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தது என்பதை அவர்கள் மறந்தாரல்லர். கரைகளைக் காத்து, இயந்திரங்களால் இடைவிடாது நீரை இறைத்து வருகின்றனர்.

நீரிடமிருந்து நிலத்தைப் பெற்றவர், அந்நீருக்கு வழி விடவும் கடமைப்பட்டவர் ஆவர். மாணவர்களே! உங்கள் ஊரில் ஏரி எங்கே இருந்தது, கால்வாய் எவ்வழியே சென்றது என்பதை முதியோரிடம் கேட்டு அறியுங்கள். ஊரின் வரலாற்றை அறிதல் ஊரைக் காக்கும் முதற்படி ஆகும்.