கண்ணாடிக் குழாய் மணிக்கூட்டில் சூடு எங்கிருந்து வருகிறது?

மருதமுனையில் என் சாச்சாவின் மகன் சொந்தமாகக் கட்டிய மணிக்கூட்டில் நான்கு கண்ணாடிக் குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் 0 முதல் 9 வரையான இலக்கங்கள் மெல்லிய உலோகத்தில். நேரத்துக்குரிய இலக்கம் மட்டும் செம்மஞ்சளாக ஒளிரும். நிக்ஸி குழாய் எனப்படும் இதை 1955இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவனிடம் இருப்பவை சோவியத் காலத்து ஐஎன்-14. அவற்றை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. எனவே மணிக்கூடு அரை மணி நேரத்தில் சுடத் தொடங்கியபோது, குழாய்கள் போய்விடுமோ என்றுதான் அவன் பயந்தான்.

குழாயில் பிழையில்லை. அது குண்டு பல்ப் போல இழை சூடாகி ஒளிர்வதில்லை. உள்ளே இருக்கும் நியான் வாயுதான் ஒளிர்கிறது. ஒரு குழாய்க்கு ஏறத்தாழ 2.5 மில்லிஅம்பியர் போதும். நான்கும் சேர்ந்து 2 வாட்டுக்கும் குறைவு. சூடு வருவது அவற்றுக்கு மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும் பகுதியிலிருந்து.

கை வைக்கும் முன் ஒன்று. 12 வோல்ட் அடாப்டர்தானே என்று நினைக்க வேண்டாம். உள்ளே அது 170, 180 வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. வயரைக் கழற்றிய பிறகும் கொள்ளளவி அதைப் பிடித்து வைத்திருக்கும். 100 கிலோ ஓம் தடையொன்றை அதன் இரு கால்களுக்கும் குறுக்கே, காப்பிட்ட குறட்டால் பிடித்து வைத்து, மல்டிமீட்டரில் பூச்சியத்துக்கு அருகே வந்ததைப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

முதல் சந்தேகம் 7805 மீது. 12 வோல்ட்டை 5 ஆக்கும் இந்த மூன்று கால் பொருள், மிச்சம் 7 வோல்ட்டையும் சூடாகவே கொட்டிவிடுகிறது. குழாய்களுக்கு அடியில் அழகுக்கு வைத்த எல்ஈடிகளும் சேர்ந்து 150 மில்லிஅம்பியர் எடுத்தால், வேலைக்குப் போவது 0.75 வாட், வீணாவது 1.05 வாட். வெப்பம் கடத்தும் தகடு இல்லாவிட்டால் நம் ஊர் வெக்கையில் அதன் உள்சூடு 100 பாகை செல்சியஸை எட்டும். பற்றரிக்குத் தடை இருந்த 90களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வடக்கு மக்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். எல்எம்2596 போன்ற சுவிட்சிங் மொடியூலைப் போட்டால் இந்த வீண்செலவின் பெரும்பகுதி போய்விடும்.

அடுத்தது வோல்ட்டை உயர்த்தும் பகுதி. இங்கே பலர் போடுவது 1என்4007 டையோடு. எந்தக் கடையிலும் கிடைக்கும், மலிவு. ஆனால் அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்றது. நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும் இடத்தில் அது உரிய நேரத்தில் மூடாது. தானும் சுட்டு, பக்கத்து மொஸ்ஃபெட்டையும் சுட வைக்கும். யூஎஃப்4004 போன்ற வேகமான டையோடுதான் வேண்டும். டையோடு சரியாக இருந்தும் மொஸ்ஃபெட் சுட்டால், அதன் கேட்டுக்கு எத்தனை வோல்ட் போகிறது என்று பாருங்கள். ஐஆர்எஃப்740க்கு 10 வோல்ட் தேவை; 5 கொடுத்தால் அரைகுறையாகத்தான் திறக்கும். சுருளும் தடித்ததாக இருக்கட்டும். தடை போலத் தோன்றும் சின்னச் சுருள் இந்த மின்னோட்டத்தைத் தாங்காது.

குழாயின் அனோட் தடை சுட்டால் விஷயம் வேறு. அதில் 0.1 வாட்கூடச் செலவாகக் கூடாது. உயர் வோல்ட் 180ஐத் தாண்டிவிட்டதா என்று உடனே அளக்க வேண்டும்.

கடலோர வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் பலகையில் படிந்து, உயர் வோல்ட் கோடுகளுக்கிடையே மின்னைக் கசிய விடும். ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, நன்கு காயவிட்டு, பெட்டியில் கீழும் மேலும் துளை போடலாம்.

சாச்சாவின் மகனுடையதில் 7805, டையோடு இரண்டுமே குற்றவாளிகள். மொடியூல் மாற்றியாகிவிட்டது. டையோடு கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரை மணிக்கூட்டைக் கழற்றித்தான் வைத்திருக்கிறான்.