எழுத்துத் தெரியாத பாட்டியும் கதைப் புத்தகம் காட்டலாம்

தூங்கப் போகும் பிள்ளைக்குப் படக்கதைப் புத்தகம் காட்டுங்கள் என்றால், நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இரண்டு பதில்கள் வரும். "விடியற்காலையில் பெரட்டுக்குப் போகணும், நேரம் ஏது?" என்பது ஒன்று. "எனக்குப் படிக்கத் தெரியாதேப்பா" என்பது பாட்டிமார்களின் பதில். முதலாவதில் நியாயம் உண்டு. இரண்டாவதை நான் ஏற்கமாட்டேன்.

அமெரிக்க ஓவியர் பெகி ராத்மன் 1994இல் வெளியிட்ட 'குட் நைட், கொரில்லா' என்ற புத்தகத்தைப் பாருங்கள். அதில் எழுத்தே அபூர்வம். மிருகக்காட்சிசாலைக் காவலர் ஒவ்வொரு கூண்டாகப் போய் இரவு வணக்கம் சொல்கிறார். கொரில்லாவோ அவர் இடுப்புச் சாவியைத் திருடிக்கொண்டு, பின்னாலேயே கூண்டுகளைத் திறந்துவிடுகிறது. யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரிசையாக அவர் வீட்டுக்கே தூங்க வந்துவிடுகின்றன! கதை முழுவதும் படத்தில் இருக்கிறது. அதைச் சொல்லப் பாட்டியின் தமிழ் போதும்.

ஆனால் "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை "யானை" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விடும். "சாவி போனது அவருக்குத் தெரியுமா? ஏன் திரும்பிப் பார்க்கலே?" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு சொல் சொன்னால், நீங்கள் இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள்: "ஆமா, யானை சத்தம் போடாம வருது." ஓரிடத்தில் பக்கம் முழுக்க இருட்டு. அங்கே அவசரப்பட வேண்டாம். யார் குரல் கேட்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும்.

இது வெறும் விளையாட்டல்ல. அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கேள்வி கேட்டுப் பேசிய பெற்றோரின் பிள்ளைகள் ஒரே மாதத்தில் பேச்சுத்திறனில் முந்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வயதுதான்.

தாய் தந்தையர் மரம் வெட்டப் போன காலத்தில், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைச் சுற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பல சிரம்பான், நீலாய்ப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன. பாட்டி கூடவே இருக்கிறார். பேரப்பிள்ளையின் கையில்தான் கைப்பேசி! முதலாம் ஆண்டில் ஆசிரியர் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளைக்கு, வீட்டில் பேச ஆள் இருந்தும் பேச்சில்லை.

கைவேலையை இரவில் வைக்காதீர்கள், தூக்கம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பகலில் செய்யுங்கள். புத்தகத்தில் ஒவ்வொரு கூண்டுக்கும் அதன் நிறத்தில் ஒரு சாவி உண்டு. பெரியவர் மணிலா அட்டையில் சாவிகளை வெட்டித்தர, பிள்ளை வண்ணம் தீட்டி நூலில் கோர்க்கட்டும். பழைய பிஸ்கட் பெட்டிக்குத் தென்னை ஈர்க்குக் கம்பி வைத்தால் கூண்டு. ஈர்க்கு நுனி கூர்மையானது, அதை நீங்களே ஒட்டுங்கள். பிறகு நம் தோட்டத்துக் கதை ஒன்று செய்யலாம். மண்டோரின் சாவியைக் குரங்கு திருடுகிறது. ஆடு, சேவல், உடும்பு ஒவ்வொன்றாகப் பின்னால் வருகின்றன. பிள்ளை சொல்லச் சொல்ல வரைந்து, நான்கு தாளைச் சேர்த்துத் தைத்தால் அதுவும் புத்தகம்தான்.

இந்தப் புத்தகம்தான் வேண்டுமென்பதில்லை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்குப் பத்து நிமிடம் போதும், படுக்கையிலேயே போதும். பத்தாவது இரவும் அதே புத்தகத்தைப் பிள்ளை கேட்டால், அதையே எடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு மிருகத்துக்கும் "போய்ப் படு" என்று பிள்ளையே சொல்லட்டும். பிறகு விளக்கை அணையுங்கள்.